புதுப்பிப்பு: நிலத்தடிக் கார்பன் டை ஆக்சைடு கல்லாகும் வேகம்

கார்பன் டை ஆக்சைடை நிலத்தடியில் சேமிக்கும் ஐஸ்லாந்தின் கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தில் 2012-இல் பசால்ட் எனும் எரிமலைப் பாறைக்குள் செலுத்தப்பட்ட கார்பன் டை ஆக்சைடில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இரண்டே ஆண்டுகளில் கனிமமாகிவிட்டதைக் குறிப்பிட்டு, மணற்கல்லில் அந்த வேகம் ஏன் இல்லை என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். என் முனைவர் பட்ட ஆய்வின் உயரழுத்தக் கலன் சோதனைகளில் முதற்கட்டம் முடிந்துவிட்டதால், விடையை ஓரளவு உறுதியாகவே சொல்ல முடிகிறது.

நீரில் கரைந்த வாயு கார்பானிக் அமிலமாகிப் பாறையை அரிக்கிறது. பசால்ட்டிலுள்ள ஒலிவின் என்ற கனிமமும் எரிமலைக் கண்ணாடியும் எளிதில் கரைந்து, கால்சியம், மக்னீசியம், இரும்பு அயனிகளை வெளிவிடுவதோடு அமிலத்தன்மையையும் தணிப்பதால், வாயு அந்த அயனிகளோடு சேர்ந்து கார்பனேட்டுகள் எனும் திடக் கனிமங்களாகப் படிய வழி பிறக்கிறது. மணற்கல்லின் பெரும்பகுதியான குவார்ட்ஸ் கனிமமோ இந்த அமிலத்துக்கு ஏறத்தாழ அசைந்துகொடுப்பதே இல்லை. நார்வேயின் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயலில், கடலடி மணற்கல்லுக்குள் 1996 முதல் செலுத்தப்படும் வாயுவை இன்றுவரை முதன்மையாகத் தடுத்து வைத்திருப்பது, மேலே மூடியிருக்கும் களிப்பாறைதான்.

எனக்குச் சுவையாகத் தோன்றியது வேறொன்று. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், ஒலிவின் துகள்களின் முகங்கள் குழிகுழியாக அரிபட்டிருக்க, அவற்றின் மேல் சிலிக்கா மிகுந்த மெல்லிய படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. கரைதலை மட்டுப்படுத்தும் அப்படலத்தைக் கணக்கில் கொள்ளாத கணிப்பு மாதிரிகள் வேகத்தை மிகைப்படுத்திவிடும் என்பதே என் கருத்து. அடுத்து, இதுவரை பயன்படுத்திய பாறைத் தூளுக்குப் பதிலாக விரிசலுள்ள முழுப்பாறைத் துண்டில் நீரைச் செலுத்திச் சோதிக்கவிருக்கிறேன்.