ஹார்வர்டு இன்ஜின் 3 வாரம் நின்ற பிறகு: ஹைட்ராலிக் லாக் பார்ப்பது எப்படி?

வால்சக்கரம்:
விமானம் ஹார்வர்டு (பழைய பயிற்சி விமானம்), இன்ஜின் பிராட் அண்ட் விட்னி ஆர்-1340 (ஒன்பது சிலிண்டர் வட்டமாக அமைந்த ரேடியல்). 3 வாரமாக ஹேங்கரில் நிற்கிறது. கீழ் சிலிண்டரில் ஆயில் தேங்கி பிஸ்டனை நகரவிடாமல் அடைக்கும் ஹைட்ராலிக் லாக் வந்திருக்குமோ என்று சந்தேகம். ஸ்டார்ட் செய்யும் முன் ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் கனக்கிறது. கொஞ்சம் அழுத்தினால் தாண்டிவிடுகிறது.

தாண்டிவிட்டால் ஸ்டார்ட் செய்யலாமா? எத்தனை பிளேடு சுற்ற வேண்டும்? முழுசாக நின்றுவிட்டால் பின்பக்கமாகச் சுற்றினால் விட்டுவிடும் என்கிறார்கள், அது சரியா? இன்னொன்று: ஆயில் டேங்க் அளவு நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் தரையில் ஒழுகல் பெரிதாக இல்லை. ஆயில் ஊற்றட்டுமா?

ஒன்பது சிலிண்டர்:
பின்பக்கம் சுற்றவே சுற்றாதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான்.

நின்ற இன்ஜினில் ஆயில் பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்து கீழ் சிலிண்டர்களின் ஹெட்டில் தேங்கும். இந்த இன்ஜினில் அடியில் இருப்பவை 5, 6. அடுத்து 4, 7. கம்ப்ரஷனில் தடை வந்ததும் பின்னால் சுற்றினால் என்ன ஆகிறது? இன்டேக் வால்வு திறந்திருக்கும் கட்டத்துக்குப் போய், பிஸ்டன் அந்த ஆயிலை இன்டேக் பைப்புக்குள் தள்ளிவிடும். கைக்குத் தடை போய்விட்டது போலத் தெரியும். ஸ்டார்ட் ஆனவுடன் அதே சிலிண்டர் அதே ஆயிலைத் திரும்ப உறிஞ்சும். இப்போது தள்ளுவது உங்கள் கை இல்லை, எரியும் மற்ற சிலிண்டர்கள். கனெக்டிங் ராட் (பிஸ்டனை கிராங்குடன் இணைக்கும் தண்டு) வளையும், இல்லையென்றால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழும்.

"தாண்டிவிட்டது" என்பதையும் நம்பாதீர்கள். கணக்கு இதோ: இன்ஜின் பெயரில் உள்ள 1,340 என்பது மொத்தக் கொள்ளளவு. அந்த 1,340 கன அங்குலத்தை 9-ஆல் வகுத்தால் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 2.44 லிட்டர். கம்ப்ரஷன் விகிதம் 6:1 என்றால் பிஸ்டன் உச்சத்தில் இருக்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 490 மில்லி. ஆக, முழு லாக் ஆக அரை லிட்டர் ஆயில் வேண்டும். 250 மில்லி மட்டும் தேங்கினால் லாக் ஆகாது, ஆனால் விகிதம் 11:1-ஐத் தாண்டிவிடும். கைக்குக் கனமாகத் தெரிவது இதுதான். ஆயில் காற்றைப் போல அழுந்தாது என்பதால் அழுத்தித் தாண்டவைப்பது கெட்ட பழக்கம்.

ஒரு சிலிண்டருக்கு 2 சுற்றுக்கு ஒருமுறைதான் கம்ப்ரஷன் வரும். ஹார்வர்டுக்குக் கியர் கிடையாது, இன்ஜின் ஒரு சுற்றுக்கு ப்ரொப்பெல்லரும் ஒரு சுற்று, 2 பிளேடு. 4 பிளேடுக்கு ஒருமுறை அதே இடத்தில் கனம் வந்தால் ஒரே சிலிண்டர்தான் காரணம்.

செய்ய வேண்டியது: மேக்னெட்டோ (பிளக்குக்கு ஸ்பார்க் தருவது) ஆஃப், மிக்ஸ்சர் (எரிபொருள் கலவை லீவர்) கட்-ஆஃப், த்ராட்டில் மூடியது, சக்கரத்துக்குக் கட்டை, காக்பிட்டில் ஓர் ஆள். மேக்னெட்டோவின் எர்த் வயர் அறுந்திருந்தால் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் இன்ஜின் பற்றிக்கொள்ளும், எனவே பிளேடை எப்போதும் உயிருள்ளதாகவே நினையுங்கள். விரல்களை ஓரத்தில் மடக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். 4, 5, 6, 7-இன் முன்பக்க ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கீழே தட்டு வையுங்கள். தானாக வடிவது ஒரு பங்குதான். ஹெட்டின் குழிவில் நிற்பது ப்ரொப்பெல்லரைச் சுற்றினால்தான் வெளியே வரும். ஓடும் திசையிலேயே மெதுவாக 2 சுற்று. யாராவது ஏற்கெனவே பின்னால் சுற்றியிருந்தால் 5, 6-இன் இன்டேக் பைப்பையும் தளர்த்தி வடியவிடுங்கள். பிளக்கை மாட்டும்போது புதிய செப்பு வாஷர் போடுங்கள், டார்க் (இறுக்கும் விசை) கையேட்டின்படி. கீழே விழுந்த பிளக்கை மறுபடி மாட்டாதீர்கள், பீங்கான் உள்ளே விரிசல் விட்டிருக்கும்.

எண்ணெய்க்கறை:
டேங்கில் ஆயில் ஊற்றாதீர்கள். அது எங்கும் போய்விடவில்லை, இன்ஜினுக்குள் இருக்கிறது. இது டிரை சம்ப், அதாவது ஆயில் இன்ஜினின் அடித்தொட்டியில் (சம்ப்) இல்லாமல் தனி டேங்கில் இருக்கும். டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள செக் வால்வு (ஒருவழி வால்வு) சரியாக உட்காராவிட்டால் பேரிங் வழியாக ஆயில் கீழே இறங்கிவிடும். இப்போது ஊற்றினால், ஸ்டார்ட் ஆனதும் ஸ்காவஞ்ச் பம்ப் (சம்ப்பிலிருந்து ஆயிலை இறைப்பது) எல்லாவற்றையும் டேங்குக்குத் திருப்பி அனுப்பும். நிரம்பி ப்ரீதர் (காற்றுப்போக்கிக் குழாய்) வழியாகக் கொட்டும். முதலில் சம்ப்பைத் திறந்து வடித்து அளவெடுங்கள். இனிமேல் இன்ஜினை நிறுத்தியவுடன் ஒருமுறை, அடுத்த ஸ்டார்ட்டுக்கு முன் ஒருமுறை டேங்க் அளவைக் குறித்து வையுங்கள். வித்தியாசம் வாரத்துக்கு வாரம் கூடினால் செக் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். சின்னத் துணுக்கு ஒன்று சிக்கினாலே போதும்.

நிறுத்தும் முறையும் முக்கியம். 1,000 ஆர்பிஎம் சுமாரில் ஒரு நிமிடம் ஓடவிட்டால் சம்ப் காலியாகும். ப்ரொப்பெல்லரைக் கோர்ஸ் பிட்சுக்கு (பிளேடின் கோணம் அதிகமான நிலை) இழுத்துவிட்டுப் பிறகே மிக்ஸ்சரை கட் செய்யுங்கள். ஹப்பில் உள்ள ஆயில் இன்ஜினுக்குத் திரும்பும், ஹப்பின் பிஸ்டனும் தூசி படாமல் மூடியிருக்கும். அடுத்த ஸ்டார்ட்டும் கோர்ஸிலேயே. ஆயில் பிரஷர் வந்த பிறகுதான் ஃபைன் (கோணம் குறைவான நிலை).

டகோட்டா ரசிகர்:
பிளேடு எண்ணிக்கை இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். ஹார்வர்டில் 2 கிராங்க் சுற்று என்றால் 4 பிளேடு. 4 என்பது குறைந்தபட்சம், 8 சுற்றினால் நிம்மதி. டகோட்டாவின் (பழைய போக்குவரத்து விமானம்) ஆர்-1830-இல் கியர் 16:9, அதாவது கிராங்க் 16 சுற்றினால் ப்ரொப்பெல்லர் 9 சுற்று, 3 பிளேடு. 2 கிராங்க் சுற்றுக்கு 3.4 பிளேடுதான் வரும், எனவே 4-க்குக் குறையக் கூடாது. அதில் பார்க்க வேண்டிய சிலிண்டர்கள் 7, 8, 9. நம் விமானப்படையின் டகோட்டாவான விபி 905-க்கும் இதே இன்ஜின் வகைதான்.

ஒரு பிளேடுக்கு ஓர் ஆள் போதும். 3 பேர் சேர்ந்து தள்ளினால் தடை யார் கைக்கும் தெரியாது, கையாலேயே ராடை வளைத்துவிடலாம்.

ஸ்டார்ட்டரில் ஸ்லிப் ஆகும் கிளட்ச் இருக்கிறதே, அதுவே பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டார்ட்டரின் தள்ளலை மட்டும்தான் அது தடுக்கும். லாக் ஆன சிலிண்டர் உச்சத்துக்கு வருவதற்குள் வேறொரு சிலிண்டர் பற்றிக்கொண்டால் கிளட்ச் எதையும் காப்பாற்றாது.

வால்சக்கரம்:
நன்றி. 5-இல் 60 மில்லி, 6-இல் 200 மில்லி வந்தது. கழற்றுவதற்கு முன் ஸ்டார்ட்டர் ஒருமுறை போட்டிருக்கிறார்கள், இன்ஜின் சட்டென்று நின்றதாம். ராட் வளைந்திருக்குமா?

ஒன்பது சிலிண்டர்:
200 மில்லிக்கு விகிதம் 9.4 வரும், அதற்கு மட்டும் இன்ஜின் சட்டென்று நிற்காது. அந்த நேரத்தில் உள்ளே இதைவிட அதிகம் இருந்திருக்கலாம், மிச்சம் இன்டேக் பைப்பில் இருக்கும். அதை முதலில் வடியுங்கள்.

6-க்கு கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து மற்ற 8-உடன் ஒப்பிடுங்கள். பிளக் துளை வழியே போரோஸ்கோப் (உள்ளே பார்க்கும் சிறு கேமரா) விட்டு, பிஸ்டன் வழக்கமாகத் தொடும் மேல் எல்லைக்குக் கீழேயே நிற்கிறதா என்று பாருங்கள். ஆயில் ஸ்க்ரீனில் உலோகத் துகள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆனால் இவை எல்லாம் சரியாக வந்தாலும் லேசான வளைவு தப்பிவிடும். வளைந்த ராட் அன்றைக்கே உடையாமல் இருக்கலாம். பல மணி நேரம் பறந்த பிறகு, புறப்படும் முழு பவரில் உடையலாம். ஸ்டார்ட்டர் போட்டு நின்றது உறுதி என்றால் 6-ஆம் சிலிண்டரைக் கழற்றி ராடைக் கண்ணால் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.