சைடு ரெயிலை ஏற்றுவது யார் முடிவு?

கைவிளக்கு:
முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஒருவரைச் சேர்க்கும்போது நீட்டுகிற படிவங்களில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: பாதுகாப்புக்காக இரவில் கட்டிலின் இரண்டு பக்க ரெயிலும், அதாவது ஓரக் கம்பித் தடுப்பும், ஏற்றப்படும். அதற்குக் கீழே பிள்ளைகள் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தக் கட்டிலில் படுக்கப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அந்த வரியையே படிவத்திலிருந்து எடுக்க வேண்டும் என்கிறேன்.

ரெயிலை அவரே இறக்கிவிட்டு எழுந்துபோக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது பிடிமானம். முடியாவிட்டால் கட்டிப்போடுவதுதான். நாற்காலியில் மடிக்கு மேல் தட்டை மாட்டிப் பூட்டுவது, போர்வையை மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகுவது, வாக்கரை எட்டாத மூலையில் நிறுத்துவது எல்லாம் இதே கணக்கு. அமெரிக்காவில் 1987-இல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம், தண்டனையாகவோ பணியாளர் வசதிக்காகவோ யாரையும் கட்டக்கூடாது என்பதை இல்லவாசிகளின் உரிமையாகவே எழுதிவைத்தது.

இரவுப்பணி:
முப்பது பேருக்கு ராத்திரி ரெண்டு பேர் ட்யூட்டின்னு வைங்க. ஒருத்தருக்கு வாந்தி, ரெண்டு பேரும் அங்க நிக்கிறாங்க. அதே நேரம் கடைசி ரூம்ல ஒரு அம்மா தனியா எழுந்து நிக்கிறாங்க, கால்ல பலம் இல்ல. இந்த வயசுல இடுப்பெலும்பு முறிஞ்சா ஒரு வருஷத்துக்குள்ள அஞ்சுல ஒருத்தராவது இறந்துபோறாங்க. பிழைச்சவங்கள்லயும் நிறையப் பேர் பழையபடி நடக்கிறதில்ல. மறுநாள் காலைல வீட்டார் கேக்கிற முதல் கேள்வி, "ரெயில் ஏத்தியிருந்தீங்களா?" உரிமை பேசுறவங்க யாரும் அப்ப பக்கத்துல வந்து நிக்கிறதில்ல.

கைவிளக்கு:
ரெயில் ஏற்றினால் விழமாட்டார் என்று நம்பித்தான் வீட்டார் அப்படிக் கேட்கிறார்கள். எழுந்தே ஆகவேண்டும் என்றிருப்பவர் ரெயிலைப் பார்த்துத் திரும்பப் படுத்துவிடுவதில்லை. மேலே ஏறித் தாண்டப் பார்க்கிறார், அல்லது கால்மாட்டுப் பக்கம் நகர்ந்து, ரெயில் முடிகிற இடத்தில் உடம்பைத் திருகி இறங்குகிறார். மெத்தை உயரத்திலிருந்து விழுந்திருக்க வேண்டியவர், ரெயில் உயரமும் சேர்ந்து விழுகிறார்.

சிக்கிக்கொள்வது இன்னும் கொடுமை. 1985 முதல் 2009 தொடக்கம் வரை, ரெயில் வைத்த கட்டிலில் சிக்கியதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு 803 சம்பவங்கள் தெரிவிக்கப்பட்டன. 480 பேர் இறந்தார்கள். படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் படுத்திருக்கும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். ஓரத்துக்கு உருண்டதும் அந்த ஓரம் மட்டும் அமுங்கிச் சரியும், ரெயிலுக்கும் மெத்தைக்கும் நடுவே பள்ளம் திறக்கும். உடம்பு அதில் இறங்கி, கழுத்தோ மார்போ கம்பியில் அழுந்திவிடும். பலம் குறைந்தவரால் தள்ளி மீள முடியாது. மூச்சு இறுகியபின் கூப்பிடவும் முடியாது.

அதே நிர்வாகம் 2006-இல் தந்த வழிகாட்டியில், கட்டிலில் சிக்கக்கூடிய ஏழு இடங்கள் காட்டப்பட்டிருக்கின்றன. தலை நுழையக்கூடிய இடைவெளி 120 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. மெத்தையை மாற்றியபின் யாராவது டேப் வைத்து அளக்கிறார்களா? ஓரத்தை அமுக்கிப்பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அளவுக்கு அர்த்தமே இல்லை.

நடைபழகு:
நீங்கள் இரண்டு பேரும் ரெயிலையே பார்க்கிறீர்கள். அவர் எதற்காக எழுந்தார் என்று பார்க்க வேண்டாமா? இரவில் எழுகிறவர்களில் நிறையப் பேருக்குச் சிறுநீர்தான் காரணம். மூன்று இரவு அவர் எழும் நேரத்தைக் குறித்தால் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியும். அதற்கு அரைமணி முன்னால் போய்க் கழிப்பறைக்கு அழைத்துப்போனால், தனியாக எழ வேண்டிய தேவையே குறையும். நீர்மாத்திரையை மாலையில் கொடுத்தால், மருத்துவரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றுங்கள். கால் வீக்கம் உள்ளவர் பிற்பகலிலேயே காலை உயர்த்திவைத்து ஓய்வெடுக்கட்டும். இல்லையென்றால் பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்தபின் சிறுநீராக வந்து எழுப்பும்.

அடுத்தது இரத்த அழுத்தம். 5 நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற 1-ஆம் நிமிடத்திலும் 3-ஆம் நிமிடத்திலும் ஒவ்வொரு முறை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எழுந்ததும் தலைசுற்றி விழுகிறவர் அவர். மருந்துகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தாழ்வான கட்டில் எல்லாருக்கும் நல்லது என்பதும் தப்பு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் படியணும், முட்டி ஏறக்குறைய நேர்கோணத்தில் மடங்கணும். நடக்கக்கூடியவரை அதற்கும் கீழே இறக்கிப் படுக்கவைத்தால் அவரால் எழவே முடியாது. அதுவும் கட்டிப்போடுவதுதான். தரையோடு ஒட்டிய கட்டிலும் பக்கத்தில் விரிக்கும் பஞ்சுமெத்தையும், நிற்க முடியாமல் உருண்டு மட்டும் விழுகிறவர்களுக்கு. நடப்பவருக்குப் போட்டால் அதிலேயே தடுக்கி விழுவார். பக்கவாதம் வந்தவர் புரண்டு எழ, பலமுள்ள கைப்பக்கம் தலைமாட்டில் கட்டிலின் பாதி நீளத்துக்கு மட்டும் வரும் ஒரு அரை ரெயில் பெரிய உதவி. அதைச் சேர்த்துப் பிடுங்கவேண்டாம், கைவிளக்கு.

கைவிளக்கு:
ஒப்புக்கொள்கிறேன். அவர் கேட்டு வைக்கிற அரை ரெயில் அவருக்குத் துணை. என் எதிர்ப்பு, கேட்காமல் இரண்டு பக்கமும் ஏற்றுவதற்கு.

இரவுப்பணி:
நடைபழகு சொல்றது அத்தனையும் சரி. அதைச் செய்ய ஆள் வேணுமே. கைப்பிடி சுத்தி ஏத்தி இறக்குற கட்டிலைத் தாழ்வா வெச்சா, டயப்பர் மாத்துறப்ப ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு நிக்கணும், ஸ்டாஃப் முதுகு போயிடும். ஆள் எழுந்தா அடிக்கட்டும்னு மெத்தைக்கடியில வைக்கிற அலாரம் பேட், சும்மா புரண்டாலே அடிக்குது. அடிச்சுக்கிட்டே இருந்தா கொஞ்ச நாள்ல காதுல விழாது. அடிச்சதும் ஓடினாலும் நாங்க போறதுக்குள்ள அவங்க தரையில இருப்பாங்க. ஆளைக் கூட்டாம ரெயிலை மட்டும் எடுத்தா அடுத்து என்ன நடக்கும்? தூங்க மாத்திரை எழுதிக்குடுங்கன்னு டாக்டரைக் கேப்பாங்க.

மருந்துச்சீட்டு:
அந்தப் பயம் நியாயமானது. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்து கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005-இல் புதிய வகை மருந்துகளுக்கு, மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடும் கடும் எச்சரிக்கையைப் போட்டது, 2008-இல் பழைய வகைக்கும். 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், பெரும்பாலும் பத்து வாரம் ஓடிய சோதனைகள் அவை, மருந்து எடுத்தவர்களில் சுமார் 4.5 விழுக்காடும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 2.6 விழுக்காடும் இறந்தார்கள். தூக்க மாத்திரை விழுவதைத் தடுப்பதில்லை, கூட்டுகிறது. பாதி மயக்கத்தில் எழுந்து நிற்பவரை நினைத்துப் பாருங்கள்.

"ராத்திரி சத்தம் போடுறாங்க" என்று மட்டும் சொல்லி மருந்து கேட்காதீர்கள். எந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, கடைசியாக மலம் போனது எப்போது, வலி இருக்கிறதா என்று எழுதி அனுப்புங்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, மருந்து போடாத மூட்டுவலி, இவை மூன்றும் "தொந்தரவு" என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்துபோகின்றன.

வீட்டார்:
எல்லாரும் இல்லவாசியைக் கேளுங்கள் என்கிறீர்கள். நேற்று சொன்னது இன்று நினைவில்லாத அப்பாவிடம் என்ன கேட்பது? அவர் "வேண்டாம்" என்று சொல்லி விழுந்தால் பிள்ளைகள்தானே வாழ்நாள் முழுக்க அந்தக் குற்ற உணர்வைச் சுமக்க வேண்டும்? பிள்ளைக்கும் ஒரு சொல் இருக்கட்டும்.

கைவிளக்கு:
இருக்க வேண்டும். ஆனால் அவர் சொல்லுக்குப் பதிலாக அல்ல. முடிவெடுக்கும் திறனை ஒவ்வொரு முடிவுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கு புரியாதவருக்கு "ராத்திரி இந்தக் கம்பியை ஏத்தினா நீங்களா இறங்க முடியாது, ஏத்தலைன்னா விழலாம்" என்பது புரியலாம். கேட்டதைப் புரிந்துகொள்கிறாரா, முடிவு சொல்லும்வரை மனதில் வைத்திருக்கிறாரா, எதை இழப்போம் எதைப் பெறுவோம் என்று எடைபோடுகிறாரா, ஏதோ ஒரு வழியில் வெளிப்படுத்துகிறாரா என்று பாருங்கள். மாலையில் குழம்புகிறவரைக் காலையில் கேளுங்கள். காதுக்கருவியை மாட்டிவிட்டுக் கேளுங்கள்.

புரியவே இல்லை என்றால் வீட்டாரும் மருத்துவரும் பணியாளரும் சேர்ந்து முடிவெடுக்கலாம். அப்போதும் அவர் ரெயிலைப் பிடித்து உலுக்குகிறார், ராத்திரி முழுக்க அழுகிறார் என்றால் அதுவும் ஒரு பதில்தான். சேர்க்கும் நாளில் வாங்கிய கையெழுத்து வருடக்கணக்கில் செல்லும் என்பதை ஏற்கவே முடியாது. எந்தக் காரணத்துக்காக, எதையெல்லாம் முயன்று பார்த்தபின், எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்க வேண்டும். அதுவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது விடுவித்து, குறைந்தது பத்து நிமிடம் கைகால் அசைக்கவும் கழிப்பறை போகவும் விடவேண்டும்.

இரவுப்பணி:
அப்படி எழுதுறதா இருந்தா எங்களுக்கும் ஒண்ணு எழுதுங்க. "விழ வாய்ப்பிருக்குன்னு சொல்லப்பட்டது, ரெயில் வேண்டாம்னு அவரே முடிவு செஞ்சார்"னு பராமரிப்புத் திட்டத்துல இருக்கணும், வீட்டாருக்கும் ஒரு நகல் போகணும். அது இருந்தா முழு ரெயிலை இறக்க நான் தயார். இல்லாம முடியாது. விழுந்த அன்னிக்கு மாட்டுறது ட்யூட்டியில இருந்த பொண்ணுதான், நிர்வாகம் இல்ல.

கைவிளக்கு:
நியாயம். அதை நானே கேட்டு வாங்கித் தருவேன்.

வீட்டார்:
கேட்டால் அப்பாவைச் சரியாகக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பலர் வாய்திறப்பதில்லை. அதற்கு வழி?

கைவிளக்கு:
வாய்ப்பேச்சாக வேண்டாம். தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதாக நகலில் கையொப்பம் வாங்குங்கள். "கவனிப்பு மோசம்" என்று எழுதினால் எங்கும் நகராது. "இந்தத் தேதி இரவு இத்தனை மணிமுதல் இத்தனை மணிவரை ரெயில் ஏற்றியிருந்தது, விடுவித்த பதிவு இல்லை" என்று எழுதுங்கள். முதலில் தளப் பொறுப்பாளர், பிறகு பராமரிப்புத் திட்டக் கூட்டம், அதன்பின் வெளியே இருக்கும் மேற்பார்வை அமைப்பு. இல்லவாசிகளுக்காகப் பேசவென்றே ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர் இருக்கும் நாடுகளில் நேரே அங்கே போகலாம். அமெரிக்காவில் 1972-இல் சோதனையாகத் தொடங்கி, 1978 சட்டத்திருத்தத்தில் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமானது அது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து எழுதினால் தனியாக யார் மேலும் கோபம் திரும்பாது.

நடைபழகு:
அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது விழுந்தவர்கள் பதிவேட்டையும் கேளுங்கள். பெயர் தேவையில்லை. நேரம், இடம், என்ன செய்யப்போனார், ரெயில் நிலை, அந்த ஷிஃப்டில் எத்தனை பணியாளர், இந்த ஐந்தும் போதும்.

இரவுப்பணி:
எத்தனை பணியாளர்ங்கிறது பல பதிவேட்டுல கிடையவே கிடையாது. முதல்ல அந்தக் கட்டத்தைப் போடச் சொல்லுங்க.