சர்வர் நிர்வாகிக்கு நெட்வொர்க்கிங் பயிற்சி: நெட்வொர்க் பிளஸா, சிசிஎன்ஏவா, சான்றிதழே வேண்டாமா?

கேள்வி

லினக்ஸ் சர்வர்களை நிர்வகிப்பதே சில ஆண்டுகளாக என் வேலை. ஐபி முகவரி கொடுப்பது, ஃபயர்வால் விதி எழுதுவது, டிஎன்எஸ் பதிவுகளைத் திருத்துவது எல்லாம் பழகிப்போனவை. ஆனால் கோளாறு சர்வரைத் தாண்டி ஸ்விட்ச், ரவுட்டர் பக்கம் போய்விட்டால், நெட்வொர்க் குழுவினர் பேசுவதில் பாதி எனக்குப் பிடிபடுவதில்லை. விலேன் டிரங்க் (பல மெய்நிகர் நெட்வொர்க்குகளை ஒரே இணைப்பில் கடத்துவது), ரவுட்டர்கள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி நெறிமுறைகள் ஆகியவற்றைக் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, என் கையால் அமைத்துப் பார்த்ததில்லை. நெட்வொர்க் பொறியாளராக மாறும் எண்ணமும் இல்லை. இந்தக் குறையைச் சரிசெய்யக் காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் போதுமா, சிஸ்கோவின் சிசிஎன்ஏ வரை போக வேண்டுமா, அல்லது தேர்வே எழுதாமல் படித்துக்கொள்ளலாமா?

மறுமொழி 1

சான்றிதழைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், எது தெரியவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் பாடத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்குபவர்கள், ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி படித்துச் சலித்து, உண்மையில் தெரியாத பகுதி வருவதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு கேள்விகள் கேட்கிறேன்.

192.168.10.70, 192.168.10.130 என்ற முகவரிகளைக் கொண்ட இரண்டு கணினிகள் ஒரே விலேனில் இருக்கின்றன. இரண்டுக்கும் சப்நெட் (முகவரிகளின் உட்பிரிவு) /26, அதாவது 64 முகவரிகள் கொண்டது. ரவுட்டர் இல்லாமல் அவை பேசிக்கொள்ளுமா? அடுத்தது: தொலைவிலுள்ள ஒரு சர்வருக்குப் பிங் (சோதனைச் செய்தி) போகிறது, எஸ்எஸ்ஹெச் (தொலைநிலை உள்நுழைவு) வழியாக உள்ளே நுழையவும் முடிகிறது, ஆனால் பெரிய கோப்பு ஒன்றை அனுப்பினால் அப்படியே நின்றுவிடுகிறது. எங்கே தேடுவீர்கள்?

முதல் கேள்வியிலேயே தடுமாறினால் நெட்வொர்க் பிளஸ் பாடத்திட்டம் உங்களுக்குப் பொருந்தும். இரண்டாவதில் மட்டும் தடுமாறினால், நெட்வொர்க் பிளஸில் பெரும்பகுதி தெரிந்த பாடமாகவே இருக்கும்.

மறுமொழி 2

சிசிஎன்ஏ என்பதே என் கருத்து. நெட்வொர்க் பிளஸ் எந்த நிறுவனத்தின் சாதனத்தையும் சாராதது. 90 நிமிடங்களில் அதிகபட்சம் 90 கேள்விகள். பரப்பு அதிகம், ஆழம் குறைவு. சிசிஎன்ஏவுக்குப் படிக்கும்போது, ஒரு ரவுட்டிங் அட்டவணையைப் பார்த்து இந்தப் பாக்கெட் எந்த வழியாக வெளியேறும் என்று சொல்லப் பழக வேண்டியிருக்கும். உங்கள் நெட்வொர்க் குழுவினர் பேசும் மொழி அதுதான். சிசிஎன்ஏவுக்கான 200-301 தேர்வில் ஐபி இணைப்புப் பகுதிக்கு மட்டும் 25 விழுக்காடு ஒதுக்கியிருக்கிறார்கள். பயிற்சிக்கு ரவுட்டர் வாங்க வேண்டியதில்லை, சிஸ்கோவே இலவசமாகத் தரும் பாக்கெட் டிரேசர் என்ற பாவனை மென்பொருள் போதும்.

ஆனால் பிஜிபியை அமைப்பது அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. ஓஎஸ்பிஎஃப்கூட ஒற்றை ஏரியாவோடு (பிரிக்கப்படாத ஒரே ரவுட்டர் குழுவோடு) நின்றுவிடுகிறது. இரண்டு சான்றிதழ்களும் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், வேலை மாற விரும்பாதவருக்குப் புதுப்பித்தல் ஒரு சுமையாகலாம்.

மறுமொழி 3

லினக்ஸ் தெரிந்தவருக்குப் பாக்கெட் டிரேசரை விட நல்ல பயிற்சிக்கூடம் அவருடைய கணினியிலேயே இருக்கிறது. நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்கள் (ஒரே கணினிக்குள் தனித்தனி நெட்வொர்க் சூழல்கள்) நான்கைந்தை உருவாக்கி, வீத் எனும் மெய்நிகர் கேபிள் இணைப்புகளால் அவற்றைக் கோத்து, நடுவில் இருப்பவற்றில் ஐபி ஃபார்வர்டிங்கை (பாக்கெட்டைக் கடத்திவிடும் வசதியை) இயக்கினால், அவை ரவுட்டர்களாகவே நடந்துகொள்ளும். எஃப்ஆர்ஆர் என்ற திறமூல மென்பொருளை அவற்றின்மேல் ஓட்டினால் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி இரண்டையும் அமைத்துப் பார்க்கலாம்.

மேலே கேட்ட இரண்டாவது கேள்வியை அங்கேயே வரவழையுங்கள். நடு இணைப்பின் எம்டியுவை (அதில் செல்லக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு) 1500 பைட்டிலிருந்து 1400-ஆகக் குறையுங்கள். பெரிய பாக்கெட்டைக் கடத்த முடியாத ரவுட்டர், அதைச் சிறிதாக்கி அனுப்பும்படி ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் பிழை அறிவிப்பு நெறிமுறை) செய்தி ஒன்றை அனுப்பும். அனுப்பியவரும் அதற்கேற்பத் தன் அளவைக் குறைத்துக்கொள்வார். இப்போது அந்த ஐசிஎம்பியை ஃபயர்வாலில் தடுத்துவிடுங்கள். சிறிய பாக்கெட்டுகளால் ஆன பிங் பாதிக்கப்படாது, எஸ்எஸ்ஹெச் நுழைவும் அதன் பாக்கெட்டுகள் சிறியவையாக இருக்கும்வரை பாதிக்கப்படாது. கோப்பு மட்டும் நின்றுவிடும், அதே பாக்கெட்டை டிசிபி (தரவு சேர்வதை உறுதிசெய்யும் நெறிமுறை) திரும்பத் திரும்ப அனுப்புவதை, பாக்கெட்டுகளைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க்கில் பார்க்கலாம். பதிவில் 1500 பைட்டைத் தாண்டிய பாக்கெட்டுகள் தென்பட்டால் குழம்ப வேண்டாம்: பிரிக்கும் வேலையைக் கெர்னல் நெட்வொர்க் கார்டிடம் ஒப்படைத்திருப்பதால் வரும் தோற்றம் அது, எத்டூல் கட்டளையால் அந்த ஆஃப்லோடிங்கை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: ஸ்விட்ச் உலகத்தை இப்படிப் படிப்பது சுற்றுவழி. டிரங்க், நேட்டிவ் விலேன் (டிரங்கில் குறியிடப்படாத விலேன்), ஸ்பேனிங் ட்ரீ (ஸ்விட்சுகளுக்கிடையே சுழல் உருவாகாமல் தடுப்பது) ஆகியவற்றுக்குச் சிசிஎன்ஏ பாடங்களே மேல்.

கேள்வி கேட்டவர்

முதல் கேள்விக்கு விடை தெரிந்தது: ஒன்று 64 முதல் 127 வரையிலான சப்நெட்டிலும், மற்றது 128 முதல் 191 வரையிலானதிலும் இருப்பதால் ரவுட்டர் வேண்டும். இரண்டாவதற்கு ஃபயர்வால் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஆகவே சிசிஎன்ஏ பாடத்திட்டத்தை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, ரவுட்டிங்கை நேம்ஸ்பேஸ்களிலும், ஸ்விட்சிங்கைப் பாக்கெட் டிரேசரிலும் பழகுவதாக இருக்கிறேன். தேர்வுக்குப் பதிவு செய்வதைப் பிறகு முடிவு செய்வேன். அதில் வரும் வயர்லெஸ் பகுதியைத் தவிர்த்துவிடலாமா?

மறுமொழி 1

தேர்வு எழுதாத வரை தவிர்க்கலாம். வயர்லெஸ் கன்ட்ரோலர் திரைகள் உங்கள் வேலையில் எதிர்ப்படப்போவதில்லை. அந்த நேரத்தை ஐபிவி6-க்குக் கொடுங்கள். ஐபி முகவரிக்குரிய வன்பொருள் முகவரியைக் கண்டுபிடிக்கும் ஏஆர்பி செய்யும் வேலையை அங்கே ஐசிஎம்பிவி6 செய்திகளே செய்கின்றன. இடையிலுள்ள ரவுட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதும் இல்லை. ஆகவே ஐசிஎம்பியை முழுவதுமாகத் தடுக்கும் ஃபயர்வால் விதி ஏதேனும் உங்கள் சர்வர்களில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.