சியோலில் மதியச் சாப்பாடு: ஒருவர் சைவம், ஒருவர் மாட்டிறைச்சி தவிர்ப்பவர். எங்கே, என்ன கேட்பது?

மருதநிலம்:
வணக்கம். அலுவலக வேலையாக ரெண்டு பேர் ஜூலையில் சியோல் போறோம். மதியம் இன்சாதோங், குவாங்வாமுன் பக்கம்தான் இருப்போம். ஒருவர் சுத்த சைவம், முட்டையும் இல்லை; பூண்டு வெங்காயம் பிரச்சினையில்லை. இன்னொருவர் கோழி, பன்றி சாப்பிடுவார், மாடு வேண்டாம். என்ன ஆர்டர் செய்யலாம்? சின்னச் சின்னத் தட்டில் வரும் தொடுகறிகளுக்குத் தனிக் காசா? டிப்ஸ் வைக்கணுமா?

கல்தொட்டி:
முதலில் நேரம். அங்கே அலுவலகங்கள் 12 மணிக்கு மொத்தமாகக் காலியாகும். 1 மணி வரை அந்தப் பகுதியில் இடம் கிடைப்பது கஷ்டம். 11.30-க்கே போங்க, இல்லையென்றால் 1 மணிக்கு மேல். ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம், பல கடைகள் 3 முதல் 5 வரை அடுப்பை நிறுத்திவிடும்.

தொடுகறிக்குப் பெயர் பன்ச்சான். காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடியும் தருவார்கள். சில கடைகளில் ஓரமாக வைத்திருப்பார்கள், நாமே எடுத்துக்கணும். அங்கே தட்டில் மீதம் வைக்காத அளவுக்கு எடுங்க. கரண்டியும் சாப்ஸ்டிக்கும் மேலே காணோமென்றால் மேசையின் பக்கவாட்டில் இழுப்பறை இருக்கும், திறந்து பாருங்க. கூப்பிட மேசையில் மணிப் பொத்தான் இருக்கும், இல்லையென்றால் "யொகியோ" என்று குரல் கொடுக்கலாம், அது மரியாதைக் குறைவு இல்லை. பில் பணம் வெளியே போகும்போது கல்லாவில். டிப்ஸ் வேண்டாம், வரியும் விலைக்குள்ளேயே அடக்கம்.

சோறும் சூப்பும் கரண்டியால், தொடுகறி சாப்ஸ்டிக்கால். எவர்சில்வர் சோற்றுக் கிண்ணம் மூடியோடு கொதிக்கக் கொதிக்க வரும். அதைக் கையில் தூக்கிச் சாப்பிடும் வழக்கம் அங்கே இல்லை. சோற்றில் சாப்ஸ்டிக்கை நட்டு வைக்காதீங்க, அது முன்னோருக்குப் படைக்கும் முறை.

பச்சைப்பயறு:
சைவம் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாறுவது அங்கேதான். தட்டில் கண்ணுக்குத் தெரியும் கறித்துண்டு பிரச்சினையே இல்லை, எடுக்கச் சொல்லிவிடலாம். தண்ணீரில் கரைந்திருப்பதுதான் பிரச்சினை. ட்வென்ஜாங் ஜிகே என்ற குழம்பு பார்க்க வெறும் சோயா விழுதும் டோஃபுவும்தான். அடியில் இருப்பது பெரும்பாலும் காய்ந்த நெத்திலி வேகவைத்த நீர். கிம்ச்சியில் (புளிக்கவைத்த காரக் காய்) உப்பிட்ட கூனி இறாலோ மீன் சாறோ சேர்ந்தே புளித்திருக்கும், அதைப் பிரித்தெடுக்க வழியில்லை. ஆகவே ஜிகே, கிம்ச்சி இரண்டையும் தொட வேண்டாம்.

பிபிம்பாப் (மேலே காய்கறி, இறைச்சி வைத்து, கிளறிச் சாப்பிடும் சோறு) கேட்கும்போது "கோகி, கேரன் ப்பேஜுசெயோ" (இறைச்சி, முட்டை எடுத்துவிடுங்க) என்று சொல்வதோடு நிறுத்தாதீங்க. மிளகாய் விழுதான கோச்சுஜாங்கைச் சில கடைகளில் கொத்திய மாட்டிறைச்சி சேர்த்து வதக்கி வைத்திருப்பார்கள், இறைச்சி இல்லாத விழுதா என்று கேளுங்க. கூட வரும் சூப்பை ஒதுக்கிவிடுங்க. கல்சட்டியில் வந்தால் (தோல்சொத் பிபிம்பாப்) சோற்றைச் சட்டியின் பக்கங்களில் கரண்டியால் அழுத்தி இரண்டு நிமிடம் விடுங்க, அடியில் முறுகல் பிடிக்கும். பிறகு கிளறுங்க. விழுது முதலில் ஒரு தேக்கரண்டி போதும். மொத்தமாகப் போட்டால் உப்பும் இனிப்பும் தூக்கிவிடும்.

"சைவம்" என்று ஒரே சொல்லில் சொன்னால் மீன் சாறு கணக்கில் வராமல் போகலாம். இறைச்சி, மீன், இறால், முட்டை, நெத்திலி நீர் என்று ஒவ்வொன்றாகக் கொரிய மொழியில் போனில் எழுதிக் காட்டுங்க.

ஜூலையில் போவதால் கோங்குக்சு கிடைக்கும்: ஊறவைத்து வேகவைத்து அரைத்த சோயாப் பாலில் கோதுமை நூடுல்ஸ், குளிரக் குளிர. உப்பு நாமே போட்டுக்கொள்ள வேண்டும். அரைக்கும்போது வேறு ஏதாவது சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்க.

இன்சாதோங் என்பதால் இன்னொரு நல்ல வழி, ஜோக்யேசா புத்தக் கோயில் பக்கம் கிடைக்கும் கோயில் சாப்பாடு. அந்த மரபில் இறைச்சி, மீனோடு வெங்காயத்தாள், பூண்டு போன்ற ஐந்து காரப் பொருள்களும் விலக்கு. ஐந்தில் ஒன்று நம்ம பெருங்காயம்! கிம்ச்சியும் மீன் சாறு இல்லாமல் போடுவார்கள். விலை கூடுதல், முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

உப்புக்கண்டம்:
மற்றவருக்கு: பெயரில் "சோ" அல்லது "ஹனு" வந்தால் மாடு, "த்வேஜி" பன்றி, "தக்" கோழி. ஆனால் சொல்லோங்தாங், கல்பிதாங், யுக்கேஜாங் சூப்புகள் பெயரில் காட்டிக்கொடுக்காது, மூன்றும் பொதுவாக மாடு. குளிர்ந்த நேங்மியோன் நூடுல்ஸ் நீரும் பெரும்பாலும் மாட்டெலும்பு, மாட்டிறைச்சிச் சாறுதான்.

சம்கியோப்சல் என்று மேசையிலேயே பன்றி சுடும் கடைகளில் பொதுவாகக் குறைந்தது இரண்டு பங்கு எடுக்க வேண்டும். ஒரு பங்கு 150 முதல் 200 கிராம். கூட இருப்பவர் சைவம் என்றால் இரண்டும் ஒருவர் தலையில் விழும். மதியத்துக்கு ஜெயுக் பொக்கும் (பன்றிக் காரவதக்கல்) அல்லது சம்கியேதாங் எடுங்க. பின்னது முழுச் சிறு கோழிக்குள் ஒட்டரிசி, ஜின்செங், பேரீச்சை போன்ற இலந்தை வைத்து வேகவைத்தது, ஒருவருக்கு ஒரு சட்டி. உப்பு தனியாக வரும், தொட்டுச் சாப்பிடணும்.

மருதநிலம்:
ரொம்ப நன்றி. இருவரும் ஒரே கடையில் சாப்பிட முடியுமா? கோயில் சாப்பாடு தினமும் கட்டாது.

பச்சைப்பயறு:
முடியும். கொரியாவில் பல கடைகள் ஒரே பண்டத்தில் தேர்ந்தவை, சம்கியேதாங் கடையில் சைவத்துக்கு ஒன்றும் இருக்காது. "பூன்சிக்" (எளிய சிற்றுண்டி) வகைச் சிறு கடைகளைத் தேடுங்க. கிம்பாப் (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு), ஜெயுக், பிபிம்பாப் எல்லாம் ஒருவர் பங்காகவே கிடைக்கும். கிம்பாப் ஆர்டர் கொடுத்த பிறகே பெரும்பாலும் சுருட்டுவார்கள், அதனால் ஹாம், முட்டை, மீன் கேக் (ஓமுக்), நண்டுக்குச்சி (மட்சல்) நான்கையும் எடுக்கச் சொல்லலாம். மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், கீரை, கேரட் மிஞ்சும். காய்கறி கிம்பாப் என்று பட்டியலில் இருந்தாலும் இதைச் சொல்லியே ஆகணும். அதற்கும் சூப் வரும், அதை நண்பரும் கேட்டுவிட்டே குடிக்கட்டும், மாட்டுச் சாறாக இருக்கலாம்.