அப்பா 80 - திருக்கடையூர் (குழு)

நவம்பர் 12

கண்ணன்: எல்லாருக்கும் வணக்கம். அப்பா சதாபிஷேகம் தை 14 என்று முடிவாகிவிட்டது, திருக்கடையூர்தான். ஒரே பிரச்சினை, கலச அபிஷேகத்துக்கு மனையில் உட்கார வேண்டும். அப்பாவால் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை. நாற்காலி போடலாமா என்று குருக்களிடம் கேட்கப் போகிறேன்

ருக்மணி அத்தை: நாற்காலியா

ருக்மணி அத்தை: அறுபதாம் கல்யாணத்துக்கு மனையில்தானே உட்கார்ந்தார்

கண்ணன்: அத்தை, அது 20 வருஷம் முன்னால்

செல்வி: ஆவணியில் பார்த்தோமே, கிரகப்பிரவேசத்தில் இரண்டு பையன்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அப்பா முகம் அப்படியே விழுந்துவிட்டது. அன்றைக்கு இலையில் உட்காரவே இல்லை, பசியில்லை என்றார்

குமார் (சிங்கை): ஸ்டூல்?

ருக்மணி அத்தை: மூட்டுத் தேய்மானம்தான். என்னிடம் தைலம் இருக்கிறது, கொடுத்து விடவா

நிலா: மூட்டு ஓரளவு நன்றாகத்தான் இருக்கிறது பாட்டி, எக்ஸ்ரே எடுத்தோம். தொடையில் சதை இல்லை

சுந்தரம் சித்தப்பா: நான் ஒன்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். இதற்குப் பெயர் சார்கோபீனியா, 1989இல் ரோசன்பர்க் என்பவர் வைத்த பெயர், கிரேக்க மொழியில் சதைப் பஞ்சம் என்று அர்த்தம். வயதானால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை குறையும், அது இயற்கை, ஆனால் படுத்துவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் போகாது, கொத்தாகப் போகும். நல்ல திடமாக இருந்தவர்களை, சராசரி 67 வயது, பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள், 2007இல் வந்த ஆய்வு, கால் சதையில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ போய்விட்டதாம். அண்ணன் போன வருஷம் காய்ச்சலில் எத்தனை நாள் படுத்திருந்தார்? மூன்று வாரம். அதற்குப் பிறகு எழுந்தாரே தவிர, போன சதை திரும்பி வரவில்லை. நடக்கிறாரே என்பீர்கள். நடை நல்லதுதான், இதயத்துக்கு, சர்க்கரைக்கு. தரையிலிருந்து உடம்பைத் தூக்கும் பலம் நடையில் வராது. எடை தூக்கித்தான் வர வேண்டும். இன்னும் 11 வாரம் இருக்கிறது

குமார் (சிங்கை): மாஸ்டர் வந்துட்டார் 😂

செல்வி: சித்தப்பா மறுபடியும் பனியன் போட்டோ அனுப்பாதீங்க

ருக்மணி அத்தை: வாயில் நுழையாத பேர்

சுந்தரம் சித்தப்பா: சிரியுங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகுதான் நானே ஜிம்முக்குப் போக ஆரம்பித்தேன். 69 வயதில் சிலிண்டரை நானே நகர்த்துகிறேன், கேட்டுப் பாருங்கள்

ருக்மணி அத்தை: 80 வயது மனிதரை ஜிம்முக்கு அனுப்பப் போகிறீர்களா, நல்லாயிருக்கு

சுந்தரம் சித்தப்பா: 1994இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்திருக்கிறார்கள். 100 பேர், சராசரி வயது 87, தடி பிடித்தும் வாக்கர் பிடித்தும் நடப்பவர்களே அதிகம். பத்து வாரம், வாரத்துக்கு மூன்று நாள், பலமான எடைப் பயிற்சி. காலின் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. 87 வயதில்! அண்ணன் அவர்களுக்குக் குழந்தை

குமார் (சிங்கை): நான் புரோட்டீன் பவுடர் அனுப்பி வைக்கிறேன். இரண்டு டப்பா

நிலா: அதே ஆய்வில் சில பேருக்குச் சத்து பானம் மட்டும் கொடுத்தார்கள் மாமா, பயிற்சி கிடையாது. பலம் ஏறவில்லை

செல்வி: டப்பா அனுப்புவது சுலபம்தானே

குமார் (சிங்கை): அக்கா என்ன சொல்ல வருகிறாய்

செல்வி: ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் அப்பாவை ஒரு டம்ளர் எடுக்க விடுவதில்லை, உட்காருங்க உட்காருங்க என்றே உட்கார வைத்தாயிற்று. அதைத்தான் சொன்னேன்

மாலா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாலா: மாமா எழுந்திருக்காதீங்க, நான் எடுத்துத் தர்றேன் என்று சொன்னது நான்தான். கொல்லையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்றதும் நான்தான். விழுந்தால் என்னைத்தானே கேட்பீர்கள்

செல்வி: அண்ணி உங்களைச் சொல்லவில்லை

கண்ணன்: போனில் பேசிக்கொள்ளுங்கள். இங்கே வேண்டாம்

அப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்

அப்பா: 75 கிலோ நெல் மூட்டையை வண்டியிலிருந்து நானே இறக்கியிருக்கிறேன். பையன்கள் தூக்கியது அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை

அப்பா: நிலா, என்ன செய்ய வேண்டும் சொல்

நிலா: தாத்தா ❤️ முதலில் ஒரு சோதனை. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். மாலா அத்தை, நீங்கள் போனில் நேரம் பாருங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்

சுந்தரம் சித்தப்பா: ஆசியக் கணக்கில் 12 விநாடி ஆனாலே பலம் குறைவு என்று பொருள், 2019இல் ஒரு வரையறை போட்டார்கள், கைப்பிடி பலத்துக்கும் கணக்கு உண்டு, ஆணுக்கு 28 கிலோவாவது வேண்டும்

ருக்மணி அத்தை: பட்டு வேட்டி யார் எடுப்பது? மாப்பிள்ளை வீட்டு முறையா, பிள்ளைகள் முறையா

நவம்பர் 13

மாலா: செய்து பார்த்தோம். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் வழுக்கியது, அதனால் கூடத்து மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு தடவை நன்றாக எழுந்தார். மூன்றாவது தடவை பாதியில் நின்றுவிட்டார், தொடை நடுங்கியது, கை தானாகக் கைப்பிடிக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரம் நிலைக்கதவைப் பார்த்தபடி இருந்தார். அப்புறம் மறுபடி கையைக் கட்டிக்கொண்டு முடித்தார். 24 விநாடி

அப்பா: நாற்காலி குட்டை

நிலா: அதே நாற்காலிதான் மருந்து தாத்தா. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் மூன்று நாள் போதும். 8 தடவை எழுந்து உட்கார்ந்து, இரண்டு நிமிஷம் ஓய்வு, மறுபடி 8. உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குங்கள், பாதி வேலை அதில்தான். சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், சுலபமாகிவிட்டால் துணிப்பையில் ஒரு கிலோ பருப்பு பாக்கெட்டைப் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு எழுங்கள். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும். வாய்விட்டு எண்ணுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். ஆரம்பிப்பதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்

கண்ணன்: நாளைக்கே கூட்டிப் போகிறேன்

நிலா: கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள் மாமா. சிறுநீரகம் சரியாக இருந்தால்தான் புரதம் கூட்டலாம். கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், தாத்தா 60 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 60லிருந்து 72 கிராம்

செல்வி: மூன்று இட்லியும் ரசம் சாதமும் சாப்பிட்டால் எங்கிருந்து வரும்

நிலா: தினம் இரண்டு முட்டை, அதுவே 12 கிராம். மீன், தயிர், சுண்டல்

அம்மா: வெள்ளிக்கிழமை முட்டை கிடையாது. பல்செட்டில் சுண்டல் மாட்டுகிறது என்று துப்புகிறார்

நிலா: மசித்துக் கொடுங்கள் பாட்டி. இல்லையென்றால் பாசிப்பருப்பு

அம்மா: எனக்கும் 74 ஆகிறது. நானும்தானே மனையில் உட்கார வேண்டும். என்னை யாரும் கேட்கவில்லை

செல்வி: ஐயோ அம்மா

சுந்தரம் சித்தப்பா: அண்ணி, நீங்கள்தான் முதலில் செய்ய வேண்டும், பெண்களுக்கு எலும்பும் சேர்ந்து தேயும்

குமார் (சிங்கை): அப்போ பவுடர் வேண்டாமா? ஆர்டர் போட்டுவிட்டேன்

டிசம்பர் 4

மாலா: டாக்டர் சரி என்றார், கிரியாட்டினின் நன்றாக இருக்கிறது. மூன்று வாரமாக ஒரு நாளும் விடவில்லை. இன்றைக்கு 17 விநாடி. கை நாற்காலியைத் தொடவில்லை

சுந்தரம் சித்தப்பா: சொன்னேனா இல்லையா

நிலா: சூப்பர் தாத்தா! இது சதை வளர்ந்ததால் அல்ல, முதல் சில வாரம் நரம்பு பழகுவதால்தான் பலம் கூடும். சதை மெதுவாகத்தான் வரும், விட்டுவிடாதீர்கள்

மாலா: அவர் எண்ணுவதைக் கேட்க வேண்டும் நீங்கள். ஒன்று என்று சொல்வதில்லை, களத்தில் நெல் அளக்கிற மாதிரி, லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணுகிறார். அத்தை பக்கத்து நாற்காலியில் கூடவே. அவர் ஆறு சொல்லும்போது அத்தை எட்டு முடித்துவிடுகிறார்

அப்பா: அவள் பாதிதான் உட்காருகிறாள்

அம்மா: நாற்காலி குட்டை

செல்வி: 😂😂 அண்ணி வீடியோ எடுங்களேன்

மாலா: மாமா எடுக்க விடமாட்டேன் என்கிறார். கொல்லையில் வாழைக்கு இப்போது அவர்தான் தண்ணீர், அரை வாளி அரை வாளியாக. நான் வாசற்படியில் நின்று பார்க்கிறேன், ஒன்றும் சொல்வதில்லை

செல்வி: ம். நல்லது அண்ணி

நிலா: அடுத்த வாரத்திலிருந்து தரையிலிருந்து எழுந்து பழகலாம். பக்கவாட்டில் திரும்பி, கை ஊன்றி முட்டி போட்டு, ஒரு காலை முன்னால் வைத்து, முன்னால் இருக்கும் நாற்காலியைப் பிடித்து எழ வேண்டும். சனிக்கிழமை நான் வருகிறேன், அதுவரை தனியாகச் செய்ய வேண்டாம்

கண்ணன்: குருக்களிடம் கேட்டேன். ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம், நிறையப் பேர் அப்படித்தான் உட்காருகிறார்கள் என்றார்

ருக்மணி அத்தை: அவர் சொல்வார். மனைதான் அழகு

அப்பா: ஸ்டூல் பக்கத்தில் இருக்கட்டும்

கண்ணன்: அப்போ மனையா ஸ்டூலாப்பா

குமார் (சிங்கை): பவுடர் வந்துவிட்டதா

மாலா: வந்தது. சாக்லேட் வாசனை. சித்தப்பா ஒரு டப்பாவைக் கும்பகோணம் எடுத்துப் போய்விட்டார்

சுந்தரம் சித்தப்பா: வீணாகக் கூடாது என்றுதான்

கண்ணன்: வேன் 17 சீட்டா 22 சீட்டா? இன்றைக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்

அப்பா: 17 போதும். திருவாரூரான் வரமாட்டான்

அம்மா: வருவார். நேற்று நானே போனில் பேசிவிட்டேன்

ருக்மணி அத்தை: எதற்கு

கண்ணன்: அப்போ 22ஆ?