புதுப்பிப்பு: பழைய பிக்கப் வண்டியின் தரைக் கார்பெட் – ஷாம்பு போட்டும் நாற்றம் போகாதது ஏன்?

கார்பெட்டைக் கழற்றாமலே ஷாம்பு போட்டு, வேக்குவம் பிடித்தால் போதும் என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். அது தவறு. மேலே காய்ந்துவிடும், அடியில் இருக்கும் ஃபெல்ட் (தடித்த மெத்தை விரிப்பு) பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். இரண்டே வாரத்தில் பூஞ்சை வாடை திரும்பும், வண்டியின் தரைத் தகடும் துருவேறும்.

கார்பெட்டை வெளியே எடுக்க, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு சீட், சீட் பெல்ட்டின் அடி போல்ட், வாசல்படி பட்டை எல்லாவற்றையும் எடுங்கள். போல்ட் இறுகியிருந்தால் முந்தின இரவே துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். அவசரப்பட்டால் போல்ட்டின் தலை உடையும்.

கழுவுவதற்கு முன் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். இதுதான் முக்கியம். ஒருவர் முன் கண்ணாடி மேல் குழாயால் மெதுவாக ஊற்ற, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு பார்க்கட்டும். கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர், தளத்தின் ரப்பர் மூடிகள், அடைத்துப்போன ஏசி வடிகுழாய், இவைதான் வழக்கமான இடங்கள். ஈரம் பிசுபிசுத்து இனிப்பாக மணந்தால் அது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), ஹீட்டரில் கசிவு இருக்கிறதா பாருங்கள்.

தகட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு (துரு தடுக்கும் அடிப்பூச்சு) பூசி, மேலே பெயின்ட் அடியுங்கள். ஃபெல்ட்டைக் கழுவவே வேண்டாம், புதிதாக வாங்குங்கள்.

கார்பெட்டின் பின்புறப் பசை பொடியாக உதிர்ந்தால் கழுவுவது வீண் வேலை. புதிய வார்ப்புக் கார்பெட்டை (தரையின் வடிவத்துக்கே அச்சில் செய்தது) ஒரு மணி நேரம் வெயிலில் விரித்து, தரையின் நடுவில் இருக்கும் கியர் மேட்டிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கி அமுக்குங்கள். போல்ட் துளைகளைக் கடைசியில், சின்னதாக வெட்டுங்கள். ஆக்சிலரேட்டர் முழுதாக அமுங்கித் தானே திரும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.