பள்ளிக்கரணை: ஒரு கிலோமீட்டர் தடை யாருக்கு?

ஈஎம்ஐ மன்னன்:
சென்னை பெரும்பாக்கம் பக்கம் அரை கிரவுண்டு மனை வாங்கி வைத்திருக்கிறேன். பட்டா என் பெயரில். வில்லங்கம் சுத்தம். வங்கியும் பார்த்துத்தான் கடன் கொடுத்தது. வீடு கட்ட விண்ணப்பித்தால் கோப்பை அப்படியே நிறுத்திவிட்டார்கள். 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவாம்: பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ராம்சர் எல்லைக்குள்ளும் (ராம்சர் என்பது சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) அதைச் சுற்றி 1 கி.மீ. வரைக்கும், சதுப்பைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதியான பாதிப்பு மண்டலம் எதுவரை என்று அளந்து முடிக்கும்வரை கட்டட அனுமதி கிடையாது. சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் கட்டப்போவது கீழே ஒரு படுக்கையறை, மேலே ஒன்று. இதனாலா நாரைக்கு வலிக்கப் போகிறது?

மடிப்பாக்கம் மாடிவீடு:
நாரையை விடுங்கள் சார். 2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். 2023 மிக்ஜாம் புயலில் மறுபடியும். பிரிட்ஜை மாடிப்படியில் கட்டி வைத்துவிட்டு நான்கு நாள் மொட்டை மாடியில் இருந்தோம். கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மடிப்பாக்கம், செம்பாக்கம் என்று இந்தப் பக்கத்து ஏரித் தண்ணீர் எல்லாம் வடிந்து வந்து சேர்கிற இடம் அந்தக் கழுவெளி, அதாவது சதுப்புதான். சுமார் 250 சதுர கி.மீ. பரப்பில் பெய்கிற மழை. அங்கிருந்து வெளியே போக இருக்கிற முக்கிய வாய் ஒக்கியம் மடுவு என்கிற நீர்வழி. அதைத் தாண்டி பக்கிங்காம் கால்வாய், அப்புறம் முட்டுக்காடு, கடல். வாய் சின்னது, வயிறு பெரிதாக இருந்ததால் சமாளித்தது. அந்த வயிற்றில்தான் இப்போது மண் அடிக்கிறோம்.

சைட் இன்ஜினியர்:
உணர்ச்சிவசப்படாமல் சட்டத்தைப் பாருங்கள். 2017 ஈரநில விதிகள் நிரந்தரக் கட்டுமானத்துக்குத் தடை சொல்வது வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டர் வரைக்கும். 1,000 மீட்டர் எங்கிருந்து வந்தது? இன்னொன்று. பெருங்குடிக் குப்பைமேடு யாருடையது? சதுப்பை நடுவில் வெட்டிக்கொண்டு போகும் துரைப்பாக்கம் ரேடியல் சாலையை யார் போட்டது? காற்றாலை ஆராய்ச்சி நிறுவனம் எங்கே நிற்கிறது? அரசு கட்டினால் வளர்ச்சி, தனியார் கட்டினால் ஆக்கிரமிப்பா? ஓஎம்ஆரில் வேலை பார்க்கிறவன் எங்கே குடியிருப்பான், செங்கல்பட்டிலா?

மடிப்பாக்கம் மாடிவீடு:
குப்பைமேடு விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். ரேடியல் சாலையும் ஒரு அணைதான். அதற்காக, அவர்கள் கொட்டியதற்குப் பக்கத்தில் நீங்களும் நாலு லோடு கட்டட இடிபாடு கொட்டிக்கொள்ளலாம் என்று ஆகிவிடுமா? 50 மீட்டர் கணக்கையும் முழுசாகச் சொல்லுங்கள். அதே விதிகள்தான் ஈரநிலத்தைச் சுற்றிய பாதிப்பு மண்டலத்தையும் குறிக்கச் சொல்கின்றன. 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள், 1,247 ஹெக்டேர். எந்தெந்த சர்வே எண் உள்ளே, எது வெளியே என்று உடனே அளந்திருந்தால் இந்த 1 கி.மீ. பேச்சே வந்திருக்காது. அளக்காத வரைக்கும் யாருக்கு லாபம் என்று உங்களுக்கே தெரியும். பெரும்பாக்கத்தில் ஆயிரம் ஃபிளாட்டுக்கு மேல் வருகிற திட்டத்துக்கு அனுமதி கிடைத்திருந்ததே, 2025 அக்டோபர் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட வேண்டியதாயிற்று.

ஈஎம்ஐ மன்னன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்! ஆயிரம் ஃபிளாட்டுக்காரர் வக்கீல் வைத்து வாதாடுவார். நான் வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைகிறேன். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

சைட் இன்ஜினியர்:
மனையை நாலு அடி உயர்த்திக் கட்டினால் உங்களுக்குத் தண்ணீர் வராது தம்பி. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மடிப்பாக்கம் மாடிவீடு:
எல்லோரும் அப்படிச் செய்ததால்தான் எங்கள் தெரு பள்ளமாயிற்று. உங்கள் நாலு அடியில் நிற்க வேண்டிய தண்ணீர் அடுத்த வீட்டு ஹாலில் நிற்கிறது, வேறெங்கே போகும்?

ரிட்டயர்டு சர்வேயர்:
இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஈஎம்ஐ தம்பிக்கு ஒரு வார்த்தை. வில்லங்கம் சுத்தம் என்றீர்கள். வில்லங்கச் சான்று யார் யாருக்கு விற்றார், அடமானம் உண்டா என்று சொல்லும். அந்த நிலம் முதலில் என்ன வகை என்று சொல்லாது. நில வகை எழுதியிருக்கும் கிராமத்து 'அ' பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணைப் பாருங்கள். பழைய பதிவையும் சேர்த்துப் பாருங்கள். கழுவெளி, மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்), ஏரி உள்வாய் (ஏரிக்குள் தண்ணீர் நிற்கிற இடம்) என்று ஏதாவது இருந்து பிறகு உட்பிரிவில் பட்டாவாக மாறியிருந்தால், தீர்ப்பாயம் தடையை நாளைக்கே எடுத்தாலும் உங்களுக்கு நிம்மதி இல்லை. சாதாரணப் பட்டா நிலமாகவே இருந்து வந்திருந்தால், அளவை முடிந்ததும் முதலில் வெளியே வருகிறவர் நீங்கள்தான். 2007ல் சதுப்பில் காப்புக்காடாக்கிய 317 ஹெக்டேருக்கும் இப்போதைய ராம்சர் பரப்புக்கும் இடையில்தான் இந்த வழக்கெல்லாம் ஓடுகிறது. சர்வே எண்ணை இங்கே போடுங்கள், சொல்கிறேன்.

மடிப்பாக்கம் மாடிவீடு:
போடுங்கள் தம்பி. உங்கள் மேல் எனக்கு ஒன்றும் கோபம் இல்லை.

ஈஎம்ஐ மன்னன்:
ஐயா, பார்த்துவிட்டேன். நேற்றே நகல் வாங்கியாயிற்று. எண்ணை இங்கே போட வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். போட்டால் பிறகு விற்கவும் முடியாதாம்.